தலைதீபாவளிக்குக் கொடுத்த கம்பி

எங்கள் மாப்பிள்ளையின் காரில் நான் எப்போதும் பின் இருக்கையின் இடது ஓரத்தில்தான் உட்காருவேன். இடது கை கதவுக்கு மேலே உள்ள பிடியில் இருக்கும். வலது கை முன் இருக்கையின் முதுகைப் பற்றியிருக்கும். அந்த முன் இருக்கையில் என் மகள். பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டியது. அப்போது அவளுக்கு ஆறாவது மாதம்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து கொட்டிவாக்கத்தில் அவர்கள் குடியிருந்த வீடுவரை பதினொரு திருப்பங்கள். மற்றவர்களைக் கேட்டால் ஐந்தாறு என்பார்கள். சாலை லேசாக வளைகிற இடங்களை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒன்றை எண்ணாமல் விட்டால் அது பின்னால் வந்து என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு பயம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பதினொன்றில் நான்கு இடங்களில் கார் நன்றாகச் சாயும். மந்தைவெளியில் ஒன்று, அடையாறு சிக்னலில் ஒன்று, திருவான்மியூருக்குப் பிறகு இரண்டு. வலது பக்கம் திரும்பினால் கார் இடது பக்கம், நான் உட்கார்ந்திருக்கும் பக்கம், தொய்ந்து இறங்கும். என் தோள் கதவில் அழுந்தும். ஜன்னலுக்கு வெளியே தார்ச்சாலை என் முகத்தை நோக்கி எழும்பி வருவதுபோல் இருக்கும். முன்னால் மகள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு மறு கையால் இருக்கையின் ஓரத்தைப் பிடிப்பாள்.

சாய்வு என்றால் எனக்கு ஏன் இத்தனை பயம் என்று சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்தபோது வெளியூர்த் தணிக்கை முகாம் ஒன்றுக்குப் போகும் வழியில் எங்கள் அலுவலக ஜீப் ஒரு வளைவில் சாய்ந்தது. சாய்ந்தது அப்படியே படுத்துவிட்டது. எங்கள் பியூனுக்குக் கை முறிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டி சாய ஆரம்பித்ததற்கும் படுத்ததற்கும் இடையில், இனி இது நிமிராது என்று தெரிந்த ஒரு கணம் இருந்தது. அந்தக் கணம் என் உடம்பில் தங்கிவிட்டது. மாப்பிள்ளையின் கார் ஒவ்வொரு முறை சாயும்போதும் அது மறுபடி வரும்.

மாப்பிள்ளை நல்லவர். கிண்டியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூட ஓரமாக வரிசையில் கழற்றி வைப்பார். என் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. காரில் ஏறியதும் மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். கல்லூரி நாட்களில் சோழவரத்துக்குக் கார்ப் பந்தயம் பார்க்கப் போனவர். நடைபாதைக் கடையில் வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளை வாங்கி அடுக்கி வைத்திருந்தார். திருப்பத்துக்கு முன்னால் கியரைக் குறைத்து, இன்ஜினை உறுமவிட்டுத் திருப்புவார். திருப்பி முடித்ததும் அவர் முகத்தில், கச்சேரியில் நல்ல இடம் வந்தபோது தலையசைக்கிறவர்களின் முகத்தில் தெரிவதுபோல் ஒரு நிறைவு தெரியும்.

மெதுவாகப் போங்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்கலாம். எங்கள் வீடுகளில் மாமனார் அப்படி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட முடியாது. காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்கலாம். ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். குறை சொல்வது போன்ற ஒரு வார்த்தை வரக்கூடாது. நான் என் மனைவியிடம் சொன்னேன், அவள் மகளிடம் சொல்லட்டும், மகள் அவரிடம் சொல்லட்டும் என்று. முதல் படியிலேயே அது நின்றது.

"கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகலை. அவர் கார் ஓட்டறதுல குத்தம் கண்டுபிடிச்சா நன்னாவா இருக்கும்? பயமா இருந்தா கண்ண மூடிண்டு வாங்கோ" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தேன். திருப்பங்களை எண்ண முடியவில்லை. பயம் இரண்டு மடங்காயிற்று.

தலைதீபாவளி வந்தது. மாப்பிள்ளைக்கு மோதிரமா கைக்கடிகாரமா என்று மகளிடம் விசாரிக்கச் சொன்னோம். இரண்டும் வேண்டாம், காருக்கு ஏதோ கம்பி போட வேண்டுமாம் என்று பதில் வந்தது. என்ன கம்பி என்று நானே அவரிடம் கேட்டேன். அவர் அன்று பேசியதுபோல் என்னிடம் அதற்கு முன் பேசியதேயில்லை. ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து படத்தைக் காட்டினார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் காருக்கு அடியில் ஒரு எஃகுக் கம்பி இணைக்கிறது. பத்திரிகையில் அதற்கு ஸ்வே பார் என்று பெயர். இங்கே மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் ராடு என்பார்கள். திருப்பத்தில் கார் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய கம்பி நிமிரப் பார்க்கும். அதனால் காரைச் சாயவிடாது. தன் காரில் இருப்பது மெல்லியது, அதுவும் முன்பக்கம் மட்டும்தான், முன்னால் தடிமனாக ஒன்றும் பின்னால் புதிதாக ஒன்றும் போட்டால் கார் சாயவே சாயாது என்றார். மேலும் என்னென்னவோ சொன்னார். எனக்குச் சாயாது என்ற ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. தெய்வமே வந்து வழி காட்டியதுபோல் இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலேயே என் மகளையும் அவள் வயிற்றில் இருப்பதையும் காப்பாற்றிவிடலாம்.

"பேஷாப் போட்டுடலாம் மாப்பிள்ளே" என்றேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்கு இருவரும் போனோம். பட்டறைக்காரர் என் வயதில் பாதி இருப்பார். பந்தயக் கார்களுக்கு வேலை செய்தவர் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். வந்த காரியத்தைக் கேட்டதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், மாப்ளைக்கு மோதிரம் போடுவாங்க, செயின் போடுவாங்க. நீங்க இன்னாடான்னா கம்பி எண்ண வெக்கிறீங்க."

மாப்பிள்ளை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கார் கவிழ்ந்துவிடாதல்லவா என்று கேட்டேன்.

"கவுறதா? நீங்க வேற. இத்த போட்டப்புறம் பாருங்க, சாய சொன்னாலும் சாயாது."

அதை அவர் வாயால் மூன்று முறை சொல்ல வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சீரை மணையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று என் மனைவி பிடிவாதமாக இருந்தாள். ஆகவே தீபாவளியன்று விடியற்காலையில், எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு, கூடத்தில் கோலம் போட்ட மணையில் மயில்கண் வேஷ்டி, அங்கவஸ்திரம், வெற்றிலை பாக்கு, பழம் எல்லாவற்றோடும் கறுப்பு பெயின்ட் அடித்து ஒவ்வொரு நுனியிலும் வளைத்த இரண்டு இரும்புக் கம்பிகள் இருந்தன. அவற்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டிருந்தாள். கம்பிகள் மணையைவிட நீளம். கங்காஸ்நானம் ஆச்சா என்று கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் அவற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பட்சணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மாப்பிள்ளை எங்களை நமஸ்காரம் செய்தபோது அவர் கண் கம்பிகள் மேலேயே இருந்தது.

அந்த வாரமே பட்டறையில் மாட்டிவிட்டார்கள். முதல் முறை அதில் போனபோது மந்தைவெளித் திருப்பத்தில் நான் வழக்கம்போல் பிடியை இறுக்கிக்கொண்டேன். கார் சாயவில்லை. ஒரு பலகை திரும்புவதுபோல் திரும்பியது. அடையாற்றிலும் சாயவில்லை. பள்ளங்களில் முன்பைவிடக் கொஞ்சம் தூக்கிப் போட்டது, ஆனால் அதை நான் பொருட்படுத்தவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு என் இடது கை மடியில் இருந்தது. மாப்பிள்ளை பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

அந்த நிம்மதியை ஒரு எலுமிச்சம்பழம் கெடுத்தது.

வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி அம்மன் கோயிலில் பாதத்தில் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றைக் காரில் வைக்கச் சொல்லிக் கொடுப்பாள். முன்கண்ணாடிக்குக் கீழே தட்டு மாதிரி நீளமாக ஓர் இடம் உண்டு. அதில் அது இருக்கும். காரின் சாய்வு மிஞ்சினால் பழம் உருண்டுபோய் ஓரத்தில் டொக்கென்று இடிக்கும். கம்பி போடுவதற்கு முன்பு கொட்டிவாக்கம் போய்ச் சேர்வதற்குள் நான்கு முறை இடிக்கும், அந்த நான்கு திருப்பங்களில். கார் சாய்வதால்தான் அது உருளுகிறது என்று நான் நினைத்திருந்தேன்.

கம்பி போட்ட பிறகும் அது உருண்டது. முதல் நாள் நான் கவனிக்கவில்லை. இரண்டாவது பயணத்தில் டொக் என்று கேட்டது. என் தோள் கதவில் படவில்லை, வெளியே தார்ச்சாலை எழும்பி வரவில்லை, ஆனால் பழம் ஓரத்தில் போய் நின்றது. எண்ண ஆரம்பித்தேன். ஏழு முறை. அடுத்த முறை எட்டு. முன்பு கார் சாயாத இடங்களில்கூட, நான் மட்டும் திருப்பம் என்று கணக்கில் சேர்த்த லேசான வளைவுகளில்கூட, பழம் இடித்தது.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் கை தானாகப் பிடிக்குப் போனது. கார் சாய்வது வேறு, நம்மைத் தூக்கி வெளியே எறியப் பார்க்கும் விசை வேறு. விசை வேகத்தால் வருவது. கம்பி சாய்வை நிறுத்தியதே தவிர விசையை நிறுத்தவில்லை. சாய்வு தெரியாததால் மாப்பிள்ளை இன்னும் வேகமாகப் போனார். முன்பு கார் சாய்ந்தால் அவரும் கொஞ்சம் காலைத் தளர்த்துவார். இப்போது அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, என் மகளுக்கும் தெரியவில்லை. அவள் அமைதியாகக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் காரில் நடப்பது தெரிந்தவர்கள் நானும் அந்த எலுமிச்சம்பழமும்தான்.

என் மனைவியிடம் விளக்கினேன். அவள் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"சாஞ்சா சாயறதுன்னேள். இப்போ சாயலைன்னு பயப்படறேள். உங்களுக்கு எதைத்தான் போடறது?"

ஐப்பசி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. நான் தலைசுற்றல் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஜன்னலை இறக்கிவிட்டார். எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் அவசரமில்லை மாமா என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் போனார். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சீமந்தம் முடிந்து மகளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வரும் நாள். நானும் மனைவியும் பஸ்ஸில் கொட்டிவாக்கம் போனோம். முதல் நாள் முழுக்க மழை. எங்கள் தெரு முனையில் முழங்கால் தண்ணீர். புறப்படும்போது தூறல்தான் இருந்தது. ஆட்டோவில் போகலாமா என்று நான் வாசலில் கேட்டேன். எல்லோரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

திருவான்மியூருக்கு முன்னால் கடற்கரைச் சாலை வலது பக்கமாக வளைகிற ஓர் இடத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். குவித்திருந்த மணலை மழை சாலையில் பரப்பியிருந்தது. வளைவில் பழம் உருள ஆரம்பித்தது. எதிரில் ஒரு தண்ணீர் லாரி. மாப்பிள்ளை வளைவின் நடுவில் சட்டென்று பிரேக்கில் கால் வைத்தார். சாய்வு என்பதே இல்லை. காரின் பின்பக்கம், நான் உட்கார்ந்திருந்த பக்கம், வெண்ணெயில் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு வெளியே போயிற்று. எனக்கு முன்னால் இருக்க வேண்டிய சாலை பக்கவாட்டில் ஓடியது. இடது ஜன்னலில் லாரியின் முகம் தெரிந்தது. ஜீப்பின் அந்தக் கணம் வந்தது. இம்முறை அது நீண்டது. என் மகளின் பின்னந்தலையை, அவள் வைத்திருந்த முல்லைச் சரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியின் ஹாரன் எங்களைத் தாண்டிப் போனது.

கார் நின்றபோது வந்த திசையைப் பார்த்து நின்றது. எங்கும் இடிக்கவில்லை. முன்கண்ணாடித் துடைப்பான் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் கீழே விழுந்து இருக்கைக்கு அடியில் உருண்டு என் காலருகே வந்து நின்றது.

மகள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அசையலைம்மா" என்றாள்.

என் மனைவி பின்னாலிருந்து கையை நீட்டி அவள் வயிற்றில் வைத்தாள். அடையாற்றில் மகளைப் பார்க்கும் லேடி டாக்டரின் நர்சிங் ஹோம் இருந்தது. அங்கே போனோம். மாப்பிள்ளை இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. அத்தனை வளைவுகளிலும் நான் ஒன்றைக்கூட எண்ணவில்லை. மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாலேயே இல்லை என்றாள். அடையாறு சிக்னலில் ஒருமுறை கேட்டேன். அப்போதும் இல்லை.

பெண்கள் இருவரும் உள்ளே போனார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். என் கையில் எலுமிச்சம்பழம் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

உள்ளே என்ன ஆனாலும் இனி வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை.

"மாப்பிள்ளே, எனக்கு உங்க வேகம் பயம். ஆரம்பத்துலேருந்தே பயம்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"நீங்கதானே மாமா கம்பி வாங்கிக் குடுத்தேள்."

"கார் சாயப்படாதுன்னு வாங்கிக் குடுத்தேன்."

"மாமாவுக்கும் இதுல ஆசைன்னு நெனச்சுண்டேன். எங்கப்பா என்னோட கார்ல ஏறவே மாட்டார். நீங்க ஒருத்தர்தான் கேட்டேள், பட்டறைக்கெல்லாம் வந்தேள். பின்னாடி உக்காந்துண்டு தலையாட்டினேள். உங்களுக்குக் காட்டணும்னுதான்…"

அந்தக் கண்ணாடியில் அவர் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. நான் தலையசைத்த முதல் நாளை நினைத்தேன். அவருக்கு வருத்தம் வரக்கூடாது என்று நான் பேசாமல் இருந்தேன். எனக்குச் சந்தோஷம் வர வேண்டும் என்று அவர் வேகமாகப் போனார். உள்ளே ஒரு கதவுக்குப் பின்னால் என் மகள் படுத்திருந்தாள்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. என் மனைவி வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். அவள் உதடு திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன், எழுந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

"துடிப்பு நன்னாக் கேக்கறதாம். பயத்துல சுருண்டுண்டிருக்காம். தாத்தா மாதிரி" என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். பின்னால் வந்த மகள் எங்கள் இருவரிடமும் ஒன்றுதான் சொன்னாள்.

"நீங்க அவருக்கு பயந்துண்டு, அவர் உங்களுக்காக ஓட்டிண்டு, நடுவுல என்னைக் கொன்னிருப்பேள்."

மழை விட்டதும் மாப்பிள்ளை பட்டறைக்குப் போய் இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டு முன்பக்கம் பழைய மெல்லிய கம்பியை மாட்டிக்கொண்டு வந்தார். இன்னா சார், மாமனார் சீரைத் திருப்பிக் கேக்குறாரா என்று பட்டறைக்காரர் கேட்டாராம். கொடுத்த சீரை நாங்கள் திரும்ப வாங்குவதற்கில்லை. அவை கொட்டிவாக்கத்தில் அவர்கள் வீட்டுக் குளியலறை வாசலில் சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தன. குங்குமம் ஒன்றின் நுனியில் வெகுநாள் இருந்தது.

மாசியில் பேத்தி பிறந்தாள். மூன்றாம் மாதம் தாயையும் குழந்தையையும் கொட்டிவாக்கத்தில் கொண்டுபோய் விட்டோம். குழந்தையோடு மகள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால், அதே இடது ஓரத்தில். புதுப் பழம் ஒன்று முன்கண்ணாடிக்குக் கீழே இருந்தது. மந்தைவெளித் திருப்பத்தில் கார் என் பக்கம் சாய்ந்தது. தோள் கதவில் அழுந்தியது.

"மாப்பிள்ளே, சாயறது" என்றேன்.

"ஆமாம் மாமா" என்று சொல்லி அவர் காலைத் தளர்த்தினார். உருள ஆரம்பித்த பழம் பாதி வழியில் நின்றது. இன்னும் பத்துத் திருப்பங்கள் இருந்தன. நான் பிடியை விடவில்லை.